பனிச்சாலைக்கு ஒரு சாமானியனின் கார்

ஜப்பானின் வடகிழக்குப் பகுதிக்குத் தொஹோக்கு என்று பெயர். குளிர்காலம் வந்துவிட்டால் சைபீரியாவிலிருந்து கிளம்பும் கடுங்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். அங்குள்ள மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டித் தீர்க்கும். வடகோடியில் உள்ள அவோமோரி நகரில் ஒரு குளிர்காலம் முழுக்க விழும் பனியைக் கூட்டிப் பார்த்தால் சராசரியாக 6 மீட்டர் அளவுக்கு வருகிறது. அப்படிப்பட்ட ஊரில் நள்ளிரவில் மின்கம்பி அறுந்தால், விடியும்வரை காத்திருக்க முடியாது. யாராவது மலை ஏறித்தான் ஆகவேண்டும்.

அங்கே லைன்மேன்கள் ஜீப்பில்தான் போய்வந்தார்கள். ஜீப் எங்கும் ஏறும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கித்தான் கூரையின் இடுக்குகளில் குளிர்காற்று புகுந்து உள்ளே இருப்பவர்களை விறைக்க வைக்கும். நெடுஞ்சாலையில் வேகம் பிடிக்காது. பெட்ரோல் செலவோ அதிகம். பனி உருகிய பிறகு வரும் மாதங்களில் அதை ஓட்டுவதே ஒரு தண்டனை. கோடையில் சாதாரணக் காராகவும் குளிர்காலத்தில் ஜீப்பாகவும் ஓடக்கூடிய ஒரு வண்டி கிடைக்குமா என்று தொஹோக்கு மின்சார நிறுவனம் 1970 வாக்கில் கேட்டது. அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்த இடம் சென்டாய் நகரில் சுபாரு கார்களை விற்றும் பழுதுபார்த்தும் வந்த மியாகி சுபாரு என்ற விற்பனை நிலையம்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள், முன்சக்கரங்களால் மட்டும் இழுக்கப்படும் சுபாரு வேன் ஒன்றை எடுத்தார்கள். நிசான் புளூபேர்ட் காரின் பின்னச்சைக் கொண்டுவந்து அதில் பொருத்தினார்கள். வேறு நிறுவனத்துப் பாகமாயிற்றே என்று அவர்கள் தயங்கவில்லை. சுபாருவின் அமைப்பும் இந்த வேலைக்கு வாகாக இருந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் காரின் நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக அமர்ந்திருக்கும். கியர்பாக்ஸின் பின்முனை ஏற்கெனவே பின்சக்கரங்களைப் பார்த்துத்தான் இருந்தது. அங்கிருந்து ஒரு சுழல்தண்டை நீட்டினால் பின்சக்கரங்களும் உழைக்கத் தொடங்கிவிடும். தாய் நிறுவனமான ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் அந்த முயற்சியைக் கையில் எடுத்துச் செப்பனிட்டது. 1971 அக்டோபரில் டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் அந்த வேன் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. மறு ஆண்டே, நான்கு சக்கரங்களும் இழுக்கும் லியோன் எஸ்டேட் வேன் விற்பனைக்கு வந்துவிட்டது.

குளிர்கால வண்டியின் வரலாற்றைப் புரட்டினால் இதே கதை வேறுவேறு ஊர்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பனியில் கைவிடாத, கையிருப்புக்குக் கட்டுப்படியாகிற வண்டிகளில் பெரும்பாலானவை, பனி விழுந்தாலும் வேலையை நிறுத்த முடியாதவர்களின் தேவையிலிருந்து பிறந்தவை. மருத்துவர், தபால்காரர், லைன்மேன், விவசாயி: இவர்கள்தான் அந்த வண்டிகளின் உண்மையான மூதாதையர்.

மோட்டார் கார் பிறந்த முதல் 20, 30 ஆண்டுகளில் குளிர்காலத்தில் கார் ஓட்டுவது என்ற பேச்சே பல இடங்களில் இல்லை. வட அமெரிக்காவின் பனிப்பகுதிகளில் நவம்பர் வந்ததும் காரைக் கொட்டகைக்குள் தள்ளி, டயர்கள் தரையில் படாதபடி மரக்கட்டைகள்மேல் ஏற்றி வைத்துவிடுவார்கள். பேட்டரி வீட்டுக்குள் போகும். வசந்தம் வரும்வரை குதிரையும் பனிச்சறுக்கு வண்டியும்தான். சாலைகளும் அதற்கேற்றபடியே பராமரிக்கப்பட்டன. நியூ இங்கிலாந்து மாநிலங்களில் பனியை அள்ளி அகற்றும் வழக்கம் அப்போது இல்லை. குதிரைகள் இழுக்கும் மாபெரும் மர உருளைகளைக் கொண்டு பனியை அழுத்திக் கெட்டிப்படுத்துவார்கள். சறுக்கு வண்டிக்கு அது அருமையான பாதை. ரப்பர் சக்கரத்துக்கு அது பொறி.

அதையும் மீறி ஓட்ட நினைத்தவருக்கு முதல் சோதனை, வண்டியைக் கிளப்புவது. கடுங்குளிரில் எஞ்சின் எண்ணெய் தார்போல இறுகிவிடும். ஃபோர்டின் மாடல் டி காரில் கிளட்ச் தகடுகளும் அதே எண்ணெயில்தான் ஊறிக்கிடக்கும். ஆகவே கைப்பிடியைச் சுழற்றினால் எஞ்சினோடு சேர்ந்து சக்கரமும் சுற்றப் பார்க்கும். விவசாயிகள் இதற்கு ஓர் உபாயம் கண்டுபிடித்தார்கள்: பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு, பிறகு கைப்பிடியைச் சுழற்றினார்கள். சிலர் இரவில் எண்ணெயை வடித்து அடுப்பங்கரையில் வைத்திருந்து, காலையில் சூடாக ஊற்றினார்கள். ரேடியேட்டர் தண்ணீர் உறைந்தால் எஞ்சினே பிளந்துவிடும் என்பதால் அதையும் இரவுதோறும் வடித்தார்கள். ஆல்கஹால் கலந்தால் தண்ணீர் உறையாது. ஆனால் எஞ்சின் சூட்டில் ஆல்கஹால் ஆவியாகிப் போய்விடும். எத்திலீன் கிளைக்கால் உறைதடுப்புத் திரவம் 1927ல் பிரஸ்டோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த பிறகுதான் இந்தத் தொல்லை தீரத் தொடங்கியது.

இத்தனைக்கும் நடுவே மாடல் டி பனிப்பிரதேச மக்களின் வண்டியாகத்தான் இருந்தது. 1908ல் 850 டாலருக்கு வந்த கார், 1925ல் 260 டாலருக்கு இறங்கியிருந்தது. தரையிலிருந்து நல்ல உயரம், எடை குறைவு, கிராமத்துக் கொல்லரே பழுதுபார்க்கும் எளிமை. இவ்வளவும் இருந்தும் ஆழமான பனியில் அது சிக்கியது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வெஸ்ட் ஓசிபி ஊரில் ஃபோர்டு கார் விற்றுவந்த வர்ஜில் வைட் அதற்கு வழி கண்டார். முன்சக்கரங்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சறுக்குக் கட்டைகள். பின்னால் கூடுதலாக ஓர் அச்சு, சக்கரங்களைச் சுற்றி இரும்புப் பட்டை. 1917ல் காப்புரிமை கிடைத்தது. 1920களில் இந்த மாற்றுப் பாகங்களை ஒரு தொகுப்பாக விற்றார். கோடையில் சக்கரத்தை மாட்டிக்கொள்ளலாம், குளிர்காலத்தில் சறுக்குக் கட்டையை மாட்டிக்கொள்ளலாம். வாங்கியவர்களில் கிராமத்து மருத்துவர்களும் தபால் ஊழியர்களும் நிறைய இருந்தார்கள். ஒரே வண்டி இரண்டு பருவத்துக்கும் உதவவேண்டும் என்ற சிக்கனக் கணக்கு அப்போதே வந்துவிட்டது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இதே தேவை ஒரு துயரத்தோடு பிணைந்திருக்கிறது. வால்கோர் என்ற சிற்றூரில் ஜோசஃப் அர்மான் பாம்பார்டியர் என்ற மெக்கானிக் இருந்தார். 1907ல் பிறந்தவர், பதினைந்து வயதிலேயே பழைய ஃபோர்டு எஞ்சினையும் ஒரு விசிறியையும் சறுக்கு வண்டியில் பொருத்திப் பனியில் ஓட்டிக்காட்டியவர். பத்தொன்பது வயதில் சொந்தமாக கராஜ் வைத்தார். குளிர்காலத்தில் யாரும் கார் எடுக்காததால் கராஜில் வேலை குறைவு. அந்த மாதங்களைப் பனியில் ஓடும் வண்டிக்கான சோதனைகளில் செலவிட்டார்.

1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி முற்றி உயிருக்கு ஆபத்தானது. மருத்துவமனை இருந்த ஷெர்ப்ரூக் நகரம் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில். சாலைகளைப் பனி மூடியிருந்தது. அவருடைய சோதனை வண்டி எதுவும் ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துபோனான்.

அதற்குப் பின் அவர் தன் முயற்சியைக் கைவிடாமல் இருந்ததுதான் வியப்பு. பற்சக்கரமும் ரப்பர் பட்டையும் சேர்ந்து இயங்கும் ஓர் அமைப்பை உருவாக்கி 1937ல் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் அமரக்கூடிய பி7 வண்டிகள் அவருடைய பட்டறையிலிருந்து வரத் தொடங்கின. 1942ல் பன்னிரண்டு பேர் அமரும் பி12 வந்தது. முட்டை வடிவில் மூடிய உடல், வட்டச் சன்னல்கள், முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் ரப்பர் பட்டை. மருத்துவர்களை வீடு வீடாகக் கொண்டுபோனது அதுதான். நோயாளிகளையும் பள்ளிக் குழந்தைகளையும் தபால் மூட்டைகளையும் சுமந்ததும் அதுதான். 1948 வாக்கில் மாகாண அரசு கிராமச் சாலைகளிலும் பனி அகற்றத் தொடங்கியது. பி12க்கான தேவை சரிந்தது. பாம்பார்டியர் காட்டு வேலைக்கான வண்டிகளுக்கும், 1959ல் ஸ்கீ-டூ என்ற சிறிய பனி ஊர்திக்கும் திரும்பினார். பின்னாளில் விமானமும் ரயிலும் செய்த நிறுவனத்தின் வேர் அந்த வால்கோர் கராஜில் இருக்கிறது.

சாலையிலிருந்து பனி அகற்றப்பட்டவுடன் கதை வேறு திசையில் திரும்பியது. இப்போது பனியின் மேல் மிதக்கும் வண்டி வேண்டாம். சாதாரண கார் போதும், ஆனால் அது கிளம்பவேண்டும், வழுக்காமல் ஓடவேண்டும். உள்ளே இருப்பவருக்குக் கதகதப்பும் வேண்டும். 1919ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுக்குத்தான் மூடிய கூரை இருந்தது. 1927க்குள் பத்தில் எட்டுக்கும் மேல் மூடியவையாகிவிட்டன. ஹட்சன் நிறுவனம் எசெக்ஸ் காரில் மூடிய உடலை மலிவாகக் கொடுத்துப் போட்டியைத் தொடங்கிவைத்தது. கூரை வந்த பிறகுதான் கார் பன்னிரண்டு மாதமும் ஓடும் பொருளானது.

கிளப்பும் சிக்கலுக்கு ஓர் அருமையான விடை வடக்கு டகோட்டாவிலிருந்து வந்தது. கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரில் கிராமப்புற மின்கூட்டுறவில் இருந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன், எஞ்சின் தலைப்பகுதியை இறுக்கும் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு அங்கே மின்சாரத்தில் சூடாகும் தண்டைச் செருகும் கருவியை உருவாக்கினார். காப்புரிமை ஆண்டு 1949. இரவில் வீட்டு மின்செருகியில் இணைத்துவிட்டால் எஞ்சின் உறையாது. பேட்டரியின் வலிமை மைனஸ் 18 டிகிரியில் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரத்தில் இறுகிய எண்ணெயைச் சுழற்ற எஞ்சினுக்கு இரட்டிப்பு வலிமை தேவைப்படும். இந்த இரண்டு பக்கச் சிக்கலையும் ஒரு கம்பி தீர்த்துவைத்தது. இன்றும் வினிபெக், எட்மன்டன் நகரங்களில் வண்டிநிறுத்துமிடங்களில் மின்செருகிகள் வரிசையாக நிற்பதையும், கார்களின் முகப்பிலிருந்து ஒரு வயர் தொங்குவதையும் பார்க்கலாம். கடுங்குளிர் ஊரில் கார் வாங்குபவர் செலவிடும் பணத்தில் இதைவிட நல்ல பலன் தருவது குறைவு.

போருக்குப் பின்னான ஐரோப்பாவிலிருந்து இரண்டு சிறிய கார்கள் வந்தன. இரண்டும் பனிக்கு ஏற்றவை. இரண்டும் நேரெதிர் வழிகளில்.

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் எஞ்சின் பின்னால். காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் உறைவதற்குத் தண்ணீரே கிடையாது. எஞ்சினின் எடை இழுக்கும் சக்கரங்களின் மேல் அழுத்துவதால் வழுக்கல் குறைவு. அடிப்பாகம் தட்டையாக இருந்ததால் பனியின்மேல் சறுக்கிக்கொண்டு போகும். 1963ல் ஆஸ்திரேலிய ஆய்வுக்குழு அண்டார்டிகாவிலுள்ள தன் மாசன் நிலையத்துக்கு ஒரு பீட்டிலைக் கொண்டுபோனது. உறைந்த கடல்மேல் ஓடித் தினசரி வேலைகளைச் செய்தது அது. பனி அகற்றும் லாரியின் ஓட்டுநர் அந்த லாரி நிற்கும் இடத்துக்கு எதில் போய்ச் சேர்கிறார் என்று கேட்ட 1964ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரம் இன்றும் விளம்பரத் துறையில் பேசப்படுகிறது. விளம்பரம் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு: பீட்டிலின் ஹீட்டர் பலவீனமானது. எஞ்சின் சூட்டை மட்டும் நம்பியிருந்ததால், கடுங்குளிரில் ஓட்டுநர் ஒரு கையால் கண்ணாடியில் படியும் உறைபனியைச் சுரண்டிக்கொண்டே ஓட்டவேண்டியிருந்தது.

சுவீடனின் சாப் நிறுவனம் போர் விமானம் செய்துவந்தது. அமைதிக்காலத்தில் தொழிற்சாலைக்கு வேலை வேண்டும் என்று காரில் இறங்கியது. 1949 டிசம்பரில் ட்ரோல்ஹேட்டன் ஆலையில் சாப் 92 உற்பத்தி தொடங்கியது. 764 சிசி, இரண்டு சிலிண்டர், 25 குதிரைத்திறன். விமானப் பொறியாளர்கள் செதுக்கிய வழுவழுப்பான உடல், முன்னால் எஞ்சின், முன்சக்கர இழுவை. பின்னாலிருந்து தள்ளப்படும் கார் பனியில் வளைவெடுக்கும்போது வால்பக்கம் வீசிக்கொண்டு திரும்பும். முன்னாலிருந்து இழுக்கப்படும் கார் ஓட்டுநர் திருப்பும் பக்கம் போகப் பார்க்கும். எஞ்சினின் எடையும் அதே சக்கரங்கள்மேல் இருப்பதால் பிடிமானம் கூடும். சிறிய சாப் 96ஐ ஓட்டிக்கொண்டு எரிக் கார்ல்சன் 1962லும் 1963லும் மான்டே கார்லோ ராலியை வென்றபோது, பெரிய எஞ்சின்காரர்கள் இந்தப் பாடத்தைப் பனியிலேயே படித்தார்கள். குளிர்கால ஓட்டுநரைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு யோசித்த நிறுவனம் வேறொன்று இருந்ததாகத் தெரியவில்லை. முகப்பு விளக்குகளுக்கு வைப்பர், மின்சாரத்தில் சூடாகும் ஓட்டுநர் இருக்கை ஆகிய இரண்டும் 1970களின் தொடக்கத்திலேயே சாப் கார்களில் வந்துவிட்டன.

நான்கு சக்கரங்களும் இழுக்கும் காரை லியோனுக்கு முன்பே ஒருவர் செய்திருந்தார். பிரிட்டனின் ஜென்சன் எஃப்எஃப் 1966ல் வந்தது. பிரமாதமான பொறியியல், விலையும் அதே அளவுக்கு. 1971 வரை மொத்தம் 320 கார்கள்தான் செய்யப்பட்டன. லைன்மேனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சென்டாயில் பிறந்த லியோனின் பெருமை அதன் மலிவில்தான் இருக்கிறது. சாதாரண நேரத்தில் முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். பனி வந்தால் நெம்புகோலை இழுத்துப் பின்சக்கரங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். 1970களின் நடுவில் அது அமெரிக்கா போனது. அதே சுபாருவின் 360 என்ற குட்டிக் காரை 1969ல் நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் ஏற்கத்தகாதது என்று ஒதுக்கியிருந்தது. லியோனோ வெர்மான்ட், கொலராடோ போன்ற மலை மாநிலங்களில் ஆசிரியர்கள், செவிலியர்கள், விவசாயிகள் வீட்டு முற்றங்களில் இடம்பிடித்தது. 1976 முதல் அமெரிக்கப் பனிச்சறுக்கு அணியின் வாகனமும் அதுவே. விளம்பரத்துக்கு அதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

சோவியத் யூனியனும் தன் கிராமத்து மக்களுக்காக ஒன்றைச் செய்தது. 1977ல் டோலியாட்டி ஆலையிலிருந்து வந்த லாடா நிவா நான்கு சக்கரங்களாலும் எப்போதும் இழுக்கப்படும். பேட்டரி செத்தால் கைப்பிடி போட்டுச் சுழற்றிக் கிளப்பும் வசதியையும் அதில் விட்டுவைத்திருந்தார்கள். கனடாவிலும் அது விற்றது, மிக மலிவு. பனியில் ஏறுவதில் மன்னன், ஆனால் துருவுக்கும் உதிரிபாகத் தட்டுப்பாட்டுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. 1983ல் வந்த ஃபியட் பாண்டாவின் நான்கு சக்கர இழுவை வடிவம் ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களின் குறுகிய சந்துகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1980ல் ஜெனீவாவில் அறிமுகமான அவுடி குவாட்ரோவுக்குத்தான் உலகப் புகழ் கிடைத்தது. சென்டாய் மெக்கானிக்குகள் பத்தாண்டு முன்பே தொடங்கிவைத்ததை அந்தப் புகழ் மறைத்துவிட்டது நியாயமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், நான்கு சக்கர இழுவையைப் பற்றி ஓர் உண்மையை அழுத்திச் சொல்லவேண்டும். அது வண்டியைக் கிளப்பும், நிறுத்தாது. எல்லா கார்களுக்கும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் இருக்கிறது. பனியில் நிற்பது டயரைப் பொறுத்த விஷயம். இதை முதலில் உணர்ந்து செயல்பட்டவர்கள் பின்லாந்துக்காரர்கள்.

அதற்கு முன்பு பனியில் பிடிமானம் என்றால் சங்கிலிதான். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் 1904ல் டயர் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். சேற்றில் சிக்காமலிருக்க டயரைச் சுற்றிக் கயிறு கட்டியவர்களைப் பார்த்து வந்த யோசனை அது. பின்லாந்தின் நோக்கியா ஊரிலிருந்த ரப்பர் தொழிற்சாலை 1934ல் பனிக்கென்றே ஒரு லாரி டயரைச் செய்தது. குறுக்கே ஓடும் கனத்த ரப்பர்க் கட்டைகள் பனியைப் பிடித்துக்கொள்ளும். 1936ல் கார்களுக்கான டயர் ஹக்கபெலீட்டா என்ற பெயரில் வந்தது. அந்தப் பெயர் இன்றும் கடைகளில் இருக்கிறது. 1960களில் டயரில் சிறு உலோக ஆணிகள் பதிக்கும் முறை பரவியது. பளிங்கு போன்ற ஐஸ்மேல்கூட ஆணி டயர் பற்றிக்கொண்டது. பனிநாடுகள் அதை வாழ்த்தி வரவேற்றன.

ஜப்பானின் வடபகுதியிலும் ஆணி டயர் எல்லார் காரிலும் ஏறியது. வினை அங்கேதான் தொடங்கியது. சென்டாயில் பனி ஓரளவுக்குத்தான் விழும். பல நாட்கள் சாலை வறண்டு கிடக்கும். ஆயிரக்கணக்கான கார்களின் ஆணிகள் வெறும் தாரைச் சுரண்டின. நகரம் முழுக்கக் கருந்தூசி எழுந்தது. உலரப்போட்ட துணியில் தூசி, சன்னலில் தூசி, மூச்சில் தூசி. 1980களின் தொடக்கத்தில் அந்தப் பசுமை நகரத்தை மக்கள் சென்டாய்ப் பாலைவனம் என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். குடிமக்கள் குரல் எழுப்பினார்கள். மியாகி மாகாணம் 1985ல் ஆணி டயருக்கு எதிரான விதியைக் கொண்டுவந்தது. நாட்டில் அதுவே முன்னோடி. 1990ல் தேசியச் சட்டம் வந்தது.

பனிப்பிரதேசத்தில் ஆணி டயரை எடுத்துவிட்டால் விபத்து பெருகாதா? தொழிற்சாலைகள் விடை தேடவேண்டியதாயிற்று. குளிரிலும் இறுகாத ரப்பர், அதில் நுண்ணிய துளைகள், தரைபடும் முகத்தில் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள். ஐஸின் மேல் படியும் நீர்ப்படலம்தான் வழுக்கலுக்கு முதல் காரணம். அந்த நீரைத் துளைகள் உறிஞ்சிக்கொள்ள, கீறல்களின் ஓரங்கள் ஐஸைப் பற்றும். 1988ல் பிரிட்ஜ்ஸ்டோன் கொண்டுவந்த பிளிசாக் அந்த வரிசையில் புகழ்பெற்றது. புதிய டயர்களும் குறையில்லாதவை அல்ல. ஆணிகள் சுரண்டாததால், சப்போரோ நகரச் சந்திப்புகளில் ஐஸ் தேய்ந்து தேய்ந்து கண்ணாடியாகிவிட, ஓட்டுநர்களும் நடப்பவர்களும் வேறுவிதமாகச் சறுக்கினார்கள். என்றாலும் சென்டாயின் காற்று தெளிந்தது. இன்று உலகெங்கும் ஆணியில்லாக் குளிர்கால டயர் விற்பதற்கு அந்த ஊர் மக்களின் பிடிவாதமும் ஒரு காரணம்.

கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. பனியே விழாவிட்டாலும் பிடிமானம் குறையும். கியூபெக் மாகாணம் 2008 முதல் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியது. வட அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் ஆட்சிப்பகுதி அதுதான். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்தச் சட்டம் செல்லும். 1999 முதல் டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதனுள் பனிப்பூவும் கொண்ட முத்திரை பொறிக்கப்படுகிறது. அந்த முத்திரை இருந்தால் பனியில் சோதித்துத் தேறிய டயர் என்று பொருள்.

பனிச்சாலைக் காரின் இன்னொரு எதிரி, சாலையைக் காக்கப் போடும் உப்பு. 1938ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் சோதனையாக உப்புத் தூவியது. போருக்குப் பின் அந்த வழக்கம் வட அமெரிக்கா முழுக்கப் பரவியது. உப்பு பனியின் உறைநிலையைத் தாழ்த்தி உருகவைக்கும். சுமார் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே அதன் வேகம் குறைந்துபோகும். அதனால்தான் கனடாவின் சமவெளி மாகாணங்களில் மணலும் சரளையும் தூவுகிறார்கள். உப்புநீர் காரின் அடித்தகட்டில், கதவு மடிப்பில், பிரேக் குழாயில் புகுந்து தின்னும். 1970களில் ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் நான்கைந்து வயதான கார்களே ஓட்டை விழுந்து நின்றன. கார் உரிமையாளர்கள் சங்கம் வைத்துத் தயாரிப்பாளர்களோடு போராடினார்கள். துத்தநாகம் பூசிய தகடு 1980களில் பரவிய பிறகே நிலைமை மாறியது. எஞ்சின் எத்தனை ஆண்டு ஓடும் என்று கேட்பதைவிட, அடித்தகடு எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்பதுதான் உப்புச் சாலையில் சரியான கேள்வி.

இமயத்தின் இந்தப் பக்கமும் இதே போராட்டம் உண்டு. லடாக்கில் குளிர்காலத்தில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். லாரி ஓட்டுநர்கள் டீசல் டேங்கின் கீழே தீ மூட்டிச் சூடேற்றுவது அங்கே பழைய வழக்கம், ஆபத்தான வழக்கமும்தான். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை இளகிய நிலையில் இருக்கும் குளிர்கால டீசலை அங்கே கொண்டுவந்தது. மலைப்பாதைகளில் ராணுவமும் மற்றவர்களும் நீண்ட காலம் நம்பியது 1985ல் வந்த மாருதி ஜிப்சியை. எடை குறைவு, தேவைப்பட்டால் நான்கு சக்கர இழுவை, எங்கும் கிடைக்கும் உதிரிபாகம். மாடல் டி கற்பித்த கணக்கேதான்.

1983க்குப் பின் இலங்கையிலிருந்து கனடாவுக்குப் போன பல்லாயிரம் தமிழர்களுக்குப் பனி என்பதே புதிது. ஸ்காபரோவிலோ மான்ட்ரியலிலோ வேலைக்குப் போகத் தேவைப்பட்ட முதல் கார், பெரும்பாலும் கைமாறிய கார், அவர்களை டிசம்பரின் உறைபனியில் சோதித்தது. இன்றும் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படிக்கவும் வேலைக்கும் போகிறவர்கள் அதே முடிவை எடுக்கவேண்டியிருக்கிறது. கடைக்காரரோ உயரமான, நான்கு சக்கர இழுவை கொண்ட விலையுயர்ந்த வண்டியைத்தான் முதலில் காட்டுவார். நகரத்திலும் பனி அகற்றப்பட்ட நெடுஞ்சாலையிலும் ஓட்டுகிறவருக்கு அது தேவையில்லை. 2012 மாடல் முதல் வந்த கார்களில், வண்டி வழுக்கினால் தானே சக்கரங்களைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. கருவி கனடாவில் கட்டாயம். அப்படிப்பட்ட ஒரு சிறிய முன்சக்கர இழுவைக் காரே போதும். வாங்கும் முன் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து வண்டியைத் தூக்கி, அடித்தகட்டையும் பிரேக் குழாய்களையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியின் வயதைக் கேளுங்கள். மலைமுத்திரை கொண்ட டயர் நான்கையும், நான்கையுமே, மாற்றுவதற்கான பணத்தைக் காரின் விலையிலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒன்டாரியோவில் குளிர்கால டயர் கட்டாயமில்லை. ஆனால் போட்டிருப்பவருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தரவேண்டும் என்பது 2016 முதல் அங்கே விதி. கேட்டு வாங்குங்கள்.